கடுகின் வைத்தியச் செலவு

மயிலாப்பூர்,
3-6-1974

அண்ணனுக்குப் பேச்சியம்மாள் எழுதுவது.

போன வருஷம் மதினிக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களைப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். அதற்குப் பிறகு நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. இப்போது எழுதுவது ஒரு காரியத்துக்காகத்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

என்னிடம் ஒரு பூனை இருப்பதை மதினி சொல்லியிருப்பார்கள். கடுகு என்று பெயர். சாம்பல் நிறம், எட்டு வயது. மார்கழி மாதம் அதைத் தடவிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் சுந்தரராமன் என்று ஒரு மாட்டு டாக்டர் இருக்கிறார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்க்கிறார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் புற்று என்றார். மனிதர்களுக்கு வருகிற அதே நோய்தான். மார்ச் மாதம் அறுத்து எடுத்தார். தபாலாபீஸில் போட்டு வைத்திருந்த நூற்று அறுபது ரூபாய் அதோடு தீர்ந்தது.

இப்போது மறுபக்கம் இரண்டு கட்டி வந்திருக்கிறது. மறுபடி அறுக்க வேண்டும். மயக்க மருந்து, தையல், ஊசி எல்லாம் சேர்த்து நூற்று முப்பது ஆகும். அதற்கப்புறம் மாத்திரை. அதுவும் மனிதர்களுக்குக் கொடுப்பதுதான். மருந்துக்கடையில் பொடித்துச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டித் தருவார்களாம். வாரத்துக்குப் பதினெட்டு ரூபாய். பஸ்ஸில் பூனையை ஏற்ற விடமாட்டேன் என்கிறார் கண்டக்டர். கூடையை மூடித் துணி போட்டாலும் கத்திக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ரிக்‌ஷாவுக்குப் போக வர மூன்று ரூபாய்.

எனக்குக் கையில் வருவது முன்னூற்றுப் பத்து. வாடகை எழுபது. அரிசி விற்கிற விலை உங்களுக்கே தெரியும்.

அம்மா எனக்கென்று வைத்துவிட்டுப் போன நாலு வளையல் உங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அதில் இரண்டைக் கொடுத்தால் போதும். கல்யாணத்துக்கு என்று வைத்தது என்பீர்கள். எனக்கு நாற்பத்தொரு வயது ஆகிறது, அண்ணாச்சி.

பேச்சி


தி. நகர்,
8-6-74

உ

தங்கச்சி பேச்சியம்மாளுக்கு சுயம்புலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். கடிதம் கிடைத்தது. கடை விலாசத்துக்குப் போட்டதால் கணக்குப்பிள்ளை பிரித்துவிட்டார். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுதவும்.

பூனைக்குப் புற்றுநோய் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த டாக்டர் உன்னை ஒண்டிக்கட்டை என்று தெரிந்துகொண்டு காசு பிடுங்குகிறார் என்று நினைக்கிறேன். ஒரு தடவை அறுத்தாயிற்று. சரியாகவில்லை. அதோடு விட வேண்டியதுதானே. ஊரில் மனுஷனுக்கே ரேஷன் கடையில் அரிசி இல்லை. ரயில் ஸ்டிரைக்கில் மூன்று வாரம் சரக்கு வராமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நம் கடை குடோனில் ஒரு பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. நல்ல துடியான குட்டிகள். வேண்டுமானால் ஒன்றைப் பையில் போட்டு அனுப்பி வைக்கிறேன்.

நகை என்பது குடும்பத்துச் சொத்து. அதைப் பூனைக்கு அழிக்க அம்மா வைத்துவிட்டுப் போகவில்லை. இந்தப் பேச்சை இனி எடுக்க வேண்டாம்.

இத்துடன் இருபது ரூபாய் வைத்திருக்கிறேன். அது உனக்கு. பூனைக்கு அல்ல.

சுயம்புலிங்கம்


மயிலாப்பூர்,
23-6-1974

அண்ணனுக்கு,

நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு உங்கள் இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்கு வந்தேன். ரங்கநாதன் தெருவில் நடக்க முடியவில்லை. நீங்கள் ஈரோட்டுக்குக் கொள்முதலுக்குப் போயிருப்பதாகக் கணக்குப்பிள்ளை சொன்னார். மாடிப்படிக்குக் கீழே உங்கள் செருப்பு கிடந்தது. கட்டைவிரல் வாரில் கறுப்பு நூல் போட்டுத் தைத்தது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் போட்டிருந்த அதே செருப்பு. ஈரோட்டுக்கு வெறுங்காலோடா போனீர்கள்? கணக்குப்பிள்ளை பாவம், என் முகத்தைப் பார்க்காமல் சோடா வாங்கித் தரட்டுமா என்றார். பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேறு குட்டி தருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வரவில்லை. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அறுபத்தாறில் டிரங்குப் பெட்டியோடு உங்கள் வீட்டை விட்டு வந்தேனே, அந்த வாரம்தான் கடுகு வந்தது. பின்கட்டில், மழைநீர் போகிற சாக்கடைக் குழாய்க்குள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். அதனால்தான் அந்தப் பெயர். அப்போது நான் ஆபீஸில் வேலை தவிர ஒன்றும் பேசுவதில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை. எத்தனையோ நாள் சாயங்காலம் கதவைத் திறந்ததும், அதனிடம் "தள்ளுளா" என்று சொல்வதுதான் அன்றைக்கு நான் வாய் திறந்து பேசுகிற முதல் சொந்தப் பேச்சாக இருக்கும். இது பெரிய விஷயம் என்று சொல்லவில்லை. இப்படித்தான் எட்டு வருஷம் போனது.

கோவில்பட்டி மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்றபோது நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறதா? ஐம்பது வயது, இரண்டு பிள்ளைகள், மனைவி செத்து ஆறு மாதம் ஆகவில்லை. நீங்கள், "ஒனக்கு இதே அதிகம்ளா" என்றீர்கள். மதினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதை மறந்துவிடுகிறேன். வளையலைக் கொடுங்கள்.

பேச்சி


தி. நகர்,
2-7-74

உ

தங்கச்சிக்கு,

நகைகள் இப்போது பாங்கி லாக்கரில் இருக்கின்றன. லாக்கர் இரண்டு பேர் பெயரில் இருப்பதால் உடனே திறக்க முடியாது. தவிர ஆடி பிறக்கப் போகிறது. ஆடியில் பொன்னை வெளியே எடுப்பது வழக்கம் இல்லை. ஆடி போகட்டும், பார்க்கலாம். தள்ளுபடி விற்பனைக்குச் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, எனக்கு மூச்சு விட நேரம் இல்லை.

மணியார்டரில் ஐம்பது ரூபாய் அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து திருப்பி அனுப்பாதே.

செருப்பு விஷயம், அது பழைய செருப்பு. நான் புதுச் செருப்பு போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.

சுயம்புலிங்கம்


மயிலாப்பூர்,
28-7-1974

அண்ணனுக்கு,

ஐம்பது ரூபாய் வந்தது. திருப்பி அனுப்பவில்லை, அனுப்புகிற நிலையில் இல்லை.

பதினைந்தாம் தேதி கடுகுக்கு இரண்டாம் ஆபரேஷன் ஆனது. தையல் மிஷினை நூற்று நாற்பதுக்கு விற்றேன். பக்கத்துப் போர்ஷன் ஜஹனாராவின் நாத்தனார் வாங்கிக்கொண்டாள். ஜஹனாரா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்ததும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து கட்டுப் பிரித்து மருந்து போடுகிறாள். காசு வாங்குவதில்லை. வயிறு முழுக்க மழித்து, கழுத்திலிருந்து கால்வரை தையல் போட்டு, பழைய பாவாடைத் துணியைச் சுற்றிக்கொண்டு அது உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் தட்டை வைத்தால் எழுந்து வந்து சாப்பிடுகிறது.

மாத்திரை ஆரம்பிக்கும் முன்னால் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். இந்த மருந்து பூனைக்கு எத்தனை தூரம் கேட்கும் என்று தனக்கே தெரியாது என்றார். ஆறு மாதம் கூட்டித் தரலாம், தராமலும் போகலாம். "நீங்க உங்க சாப்பாட்டக் கொறச்சிண்டு இத வாங்கணுமான்னு யோசிச்சுக்கோங்கோ. வேண்டாம்னு சொன்னா நான் தப்பா நெனக்கமாட்டேன்" என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே வாங்கிவிட்டேன்.

இந்த மாதத்திலிருந்து பஞ்சப்படி உயர்வில் பாதியைக் கட்டாய சேமிப்பு என்று பிடிக்கப் போகிறார்களாம். மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் பாலையும் நிறுத்தினேன், கடுகுக்கு மட்டும் கால் லிட்டர். போன புதன்கிழமை ஆபீஸில் தலை சுற்றி டைப்ரைட்டர் மேலேயே சாய்ந்துவிட்டேன். சூப்பரிண்டெண்ட் ரிக்‌ஷா வைத்து அனுப்பினார். ஜஹனாரா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத் திட்டினாள். "நீ மொதல்ல துன்னு பேச்சி. நீ பூட்டா இதுக்கு யாரு மீன் வாங்கிக்கினு வருவா?"

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆடிக்குப் பிறகு என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று ஒரு கார்டு போட்டுவிடுங்கள். காத்துக்கொண்டிருப்பதுதான் அலுப்பாக இருக்கிறது.

பேச்சி


தி. நகர்,
4-8-74

பேச்சிக்கு,

இதைக் கடையில் வைத்து எழுதவில்லை. வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

வளையல் இல்லை.

லாக்கரும் இல்லை. இரும்புப் பெட்டியில் அம்மாவின் சுருக்குப்பை மட்டும் இருக்கிறது. அறுபத்தைந்தில் இந்தக் கடை இடம் கிடைத்தபோது முன்பணத்துக்கு ஐந்நூறு குறைந்தது. அப்போது உன் வளையல் நாலையும், அம்மாவின் சங்கிலியையும் அடகு வைத்தேன். ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று நம்பினேன். முதல் வருஷம் கடை ஓடவில்லை. வட்டி கட்டத் தவறிவிட்டேன். நான் போவதற்குள் உருக்கிவிட்டார்கள். அடகுக்கடைப் படியில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்து கடையைத் திறந்தேன்.

உன் மதினி தேவானைக்கே நேற்றுத்தான் தெரியும். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏன் குடுக்க மாட்டேங்கிய" என்று கேட்டாள். சொன்னேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிக்காரர் நகை ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் உன்னை அவருக்குக் கொடுக்க அப்படி நின்றேன். அவர் நல்லவர், கெட்டவர் என்று நான் பார்க்கவில்லை. வேறு இடம் வந்தால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமே என்ற பயம். நீ மாட்டேன் என்றதும் அந்தப் பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நீ டிரங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, இனிமேல் கேட்கமாட்டாள் என்று உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

நீ பூனைக்கு என்று எழுதியதும் எனக்கு வசதியாகப் போயிற்று. பூனையைச் சாக்காக வைத்துத் திட்டினேன்.

இருநூறு ரூபாய் வைத்திருக்கிறேன். தை மாதத்துக்குள் நாலு வளையல் புதிதாகச் செய்து போட்டுவிடுகிறேன். நீ மதியம் சாப்பிடு.

அண்ணன்


மயிலாப்பூர்,
25-8-1974

அண்ணனுக்கு,

மூன்று வாரம் எழுத முடியவில்லை. நாலைந்து தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். கோபமாக எழுதினால் அது சரியாக வரவில்லை. கோபம் இல்லாமல் எழுதினால் பொய்யாக இருக்கிறது.

வளையல் போனது பெரிதில்லை. அம்மா போட்டுக்கொண்டிருந்தது என்று ஒரு வருத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நான் எட்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். நம் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். நானும் ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம், எனக்கு அதுவே அதிகம்தானோ என்று நினைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று இப்போது தெரிகிறது. அறுபத்தாறிலேயே வந்து, "பேச்சி, வளையல் போச்சு" என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன். மூன்றாம் நாள் உங்களுக்குச் சோறு போட்டிருப்பேன்.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

இருநூறை வைத்துக்கொண்டேன். அறுத்த பிறகு ஏறியிருந்த டாக்டர் பாக்கி தொண்ணூறைக் கொடுத்தேன். மூன்று வார மாத்திரை வாங்கினேன். மிச்சத்தில் அரிசி, மத்தியானச் சாப்பாடு. கடுகு இப்போது பரவாயில்லை. மயிர் முளைத்துவிட்டது. அலமாரி மேல் ஏறப் பார்த்து விழுந்தது, மறுபடி ஏறியது.

புது வளையல் வேண்டாம். செய்யவே வேண்டாம். வாரத்துக்குப் பதினெட்டு ரூபாய் மாத்திரை, அதை நீங்கள் வாங்கித் தாருங்கள். உங்கள் கடைக்குப் பக்கத்தில் பாண்டி பஜாரிலேயே பொடித்துக் கட்டித் தருகிறார்கள், சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மணியார்டர் வேண்டாம், ஆளிடம் கொடுத்து அனுப்பவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்களே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நான் எங்கே இருக்கிறேன் என்று எட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது நீங்கள் பார்க்கவேண்டும்.

பேச்சி


ஈரோடு,
17-10-74

பேச்சிக்கு,

இந்தத் தடவை நிஜமாகவே ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். தீபாவளிச் சரக்குக்கு வந்தேன். இன்னும் ஐந்து நாள் ஆகும் போலிருக்கிறது. இந்த ஞாயிறு தேவானை பொட்டலங்களைக் கொண்டுவருவாள். அவளுக்குப் பூனை என்றால் பயம், அதனால் மருந்து கொடுக்கும்போது பிடித்துக்கொள்ள ஜஹனாராவைக் கூப்பிடு. என் கையில் கீறியது ஆறிவிட்டது.

நேரில் சொல்ல முடியாத ஒன்றை எழுதுகிறேன். ஏழு வாரமாக வருகிறேன். முதல் இரண்டு மூன்று வாரம் நான் வந்தால் அது என்னை முறைத்துக்கொண்டு அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும். இப்போது என் குரல் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் அதற்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் நீ வாயைப் பிளக்க, நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் உடம்பு நடுங்கியது கையில் தெரிந்தது. கொடுத்த பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டது. நீ தரையைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எனக்குக் காப்பி போட்டாய்.

நிறுத்திவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் சொன்னால் பதினெட்டு ரூபாய்க்காகச் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். நினைக்க உனக்கு உரிமையும் இருக்கிறது. அதனால் வாயைத் திறக்காமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

காசு இல்லை விஷயம், பேச்சி. வேண்டுமானால் ஒரு வருஷத்துக்கு வாங்கித் தருகிறேன். ஆனால் அதற்கு வேண்டாம் போலத் தெரிகிறது. நீ டாக்டரிடம் கேள். முடிவு உன்னுடையது. நீ என்ன சொல்கிறாயோ அதன்படி நான் வந்து காலைப் பிடிக்கிறேன்.

அண்ணன்


மயிலாப்பூர்,
28-11-1974

அண்ணாச்சிக்கு,

திங்கட்கிழமை கடுகு இறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தபோது சுருண்டு படுத்திருந்தது அல்லவா, அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. போன் பண்ணியிருக்கலாம். கடைக்குப் பண்ணி அத்தனை பேர் நடுவில் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மனம் இல்லை.

மாத்திரையை நிறுத்தியது நல்லதுதான். உங்கள் ஈரோட்டுக் கடிதம் வந்தபோது இரண்டு நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பிறகு டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நானே வந்து கேட்கட்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னார். நிறுத்திய பிறகு அந்த ஒரு மாதம் அது கட்டிலுக்கு அடியில் போகவில்லை. தீபாவளியன்று வெடிச் சத்தத்தில் என் புடவைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு படுத்திருந்தது. நீங்கள் வந்தாலும் ஓடவில்லை. ஒருநாள் உங்கள் வேட்டி நுனியில் உட்கார்ந்துவிட்டதால் நீங்கள் எழுந்திருக்க முடியாமல் மத்தியானம் இரண்டு மணிவரை இருந்தீர்கள்.

கடைசி மூன்று வாரம் வலிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. அதை உங்களிடம் சொல்லவில்லை. ஊசி நாலு ரூபாய், ரிக்‌ஷா மூன்று ரூபாய். ஆபீஸிலிருந்து வந்ததும் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவேன். மந்தைவெளி வழியாக ரிக்‌ஷா குலுங்கும்போதெல்லாம் அது முனகும். திரும்பி வந்து மீன் வேகவைத்து, மசித்து, விரலில் எடுத்து ஊட்டி, துணி துவைத்து, பிறகு நான் சாப்பிட்டு. யாரிடமும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. நானாக ஏற்றுக்கொண்டதுதானே.

திங்கட்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தேன். ஜன்னலுக்குக் கீழே படுத்திருந்தது. கிட்டே போகும் முன்பே தெரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே நின்றேன்.

அப்போது எனக்கு முதலில் அழுகை வரவில்லை, அண்ணாச்சி. இன்றைக்கு ரிக்‌ஷா பிடிக்க வேண்டாம், ஏழு ரூபாய் மிச்சம் என்று தோன்றியது. அதுதான் முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது.

ஜஹனாரா வந்து குளிப்பாட்டி, அவள் வீட்டுப் பக்கத்து மண்ணில் குழி வெட்டிப் புதைத்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எட்டு வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்தாயே என்றாள். டாக்டருக்குச் சொல்லப் போனபோது, உங்களைப் போல் யாரும் பார்த்துக்கொள்ள முடியாது என்றார். இரண்டு பேரிடமும் நான் அந்த ஏழு ரூபாயைச் சொல்லவில்லை. அவர்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, பகலெல்லாம் தூங்கினேன். விழித்தால் அந்த நினைப்பு வந்து நிற்கிறது. யாரிடமாவது சொன்னால்தான் போகும். நான் டிரங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது உங்களுக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருந்தீர்களே. அதைப் படித்தபோது, ஒரு மனிதன் இதையெல்லாமா எழுதுவான் என்று நினைத்தேன். இப்போது நானும் எழுதிவிட்டேன்.

உங்கள் பேச்சி